ஜனவரி மாதத்துப் பூச்சாடி

இங்கிலாந்தில் ஜனவரி மாதம் வீட்டுத் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கைக்குக் கிடைப்பது சொற்பம். நாலைந்து ஸ்னோடிராப், தலைகவிழ்ந்த ஹெல்லிபோர், மதிலில் படர்ந்த ஐவி. கடைப்பூ வேண்டாம், இதைக்கொண்டே பூச்சாடியை ஒப்பேற்றுவோம் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் அங்கே நிறைய. அந்தப் பிடிவாதத்துக்குக் கௌரவம் தேடித் தந்தவர்களில் முக்கியமானவர் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை.

1929இல் லண்டனில் பூக்கடை திறந்த ஸ்ப்ரை, ரோஜாவுக்குப் பக்கத்திலேயே கேல் கீரையைச் செருகினார். வேலியோரக் கொடி, காய்ந்த விதைக்கொத்து எதையும் விட்டுவைக்கவில்லை. 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்யவும் அவரை அழைத்தார்கள். ஆகவே இதை இல்லாதவர் செய்யும் ஒட்டுவேலை என்று யாரும் தள்ள முடியவில்லை. (2004இல் டிசைன் மியூசியம் அவருக்குக் கண்காட்சி வைத்தபோது, ‘இதுவா வடிவமைப்பு?’ என்ற சர்ச்சை கிளம்பி, தலைவராக இருந்த ஜேம்ஸ் டைசன் பதவி விலகினார். கீரைக்கு அவ்வளவு காரம்!)

பூ குறைந்தால் கண் கூர்மையாகிறது என்பதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய பலம். கோடையில் யாரும் திரும்பிப் பார்க்காத தண்டின் வளைவும் இலை நரம்பும் அப்போதுதான் தெரிகின்றன. வாய் குறுகிய மருந்துப் புட்டி இருந்தால் ஒற்றைப் பூவே போதும். பெரிய ஜாடியில் தண்டுகளைத் தாங்க ஸ்ப்ரை பாணியில் கசக்கிய கோழிவலைக் கம்பி. தண்டுகளைச் செருகி நிறுத்தும் மக்காத பச்சை ஸ்பாஞ்சு தேவையில்லை. ராயல் தோட்டக்கலைச் சங்கமும் அந்த ஸ்பாஞ்சைத் தன் கண்காட்சிகளில் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

சூழலுக்கு நல்லது என்ற வாதமும் உண்டு. அதில் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தைச் சூடாக்கி வளர்க்கும் பூவுக்கு, தூரத்தைவிட எரிபொருளே பெரிய செலவு. கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகத்தின் 2007ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 12,000 ரோஜாவுக்குக் கென்யாவில் 6,000 கிலோ கார்பன் டை ஆக்சைடு, விமானப் பயணமும் சேர்த்து. ஹாலந்தில் 35,000 கிலோ. ‘பக்கத்து ஊர்ப் பூ’ என்பதாலேயே அது சுத்தமாகிவிடாது. ஹீட்டரே இல்லாத கொல்லைப்புறப் பூ மட்டும் இந்தக் கணக்கில் தப்பிக்கிறது.

ஆனால் அதற்கும் விலை கொடுப்பவர் உண்டு: தேனீ. தென் இங்கிலாந்தில் சில பம்பிள்பீக்கள் குளிரிலும் மஹோனியாப் பூவை நம்பிப் பறக்கின்றன. வேறு எதுவும் பூக்காத நேரத்தில் அந்தக் கொத்தை வெட்டுவது அவற்றின் சாப்பாட்டில் கைவைப்பதுதான். செடிக்கும் இதில் நஷ்டம் உண்டு. விட்ச் ஹேசல் மெதுவாக வளரும் செடி. இன்று ஒடித்த கிளை மீண்டும் வர ஆண்டுகள் ஆகும். ஹெல்லிபோரோ, மொட்டவிழ்ந்த கையோடு பறித்தால் மாலைக்குள் துவண்டுவிடும். நடுவில் விதைப்பை திரளும்வரை பொறுக்க வேண்டும். இல்லையேல் தலையை மட்டும் கிள்ளிக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘கைக்கு எட்டியதை வை’ என்ற ஸ்ப்ரையின் கைக்கு எட்டியது வின்க்ஃபீல்ட் பிளேஸ் என்ற மாளிகைத் தோட்டம். பால்கனியில் இரண்டு தொட்டி வைத்திருப்பவருக்கு ஒரு தண்டு போனாலே செடி மொட்டையாகிவிடும். ஓரளவு இடமுள்ளவர்களுக்கு ஃபார்சித்தியா தோது. வேகமாக வளரும் புதர் அது; ஜனவரி இறுதியில் சில குச்சிகளை வெட்டி வீட்டுக்குள் வெதுவெதுப்பில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகப் பூத்துவிடும், தோட்டத்தில் மார்ச் வரை காத்திருக்க வேண்டியதில்லை.