பாரம் யாருடையது?

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டோர் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. குடித்தவன் குற்றமே என்றனர் ஒரு சாரார்; விற்றவனும் கண்டுகொள்ளாத அதிகாரமுமே குற்றம் என்றனர் மறு சாரார். நம் சபை மக்களும் இவ்விரு அணிகளாகவே நின்று பேசினர். இவ்வாதத்தின் அமைப்பே பிழையானது என்பது நம் துணிபு.

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்களும், பாவம் அவனுடையதா, பெற்றோருடையதா என்றே வினவினர் (யோவான் 9). ஆண்டவர் அவ்விரண்டில் ஒன்றையும் தெரிந்துகொள்ளவில்லை, வினாவையே தள்ளினார்.

கலாத்தியர் நிருபம் ஆறாம் அதிகாரம் இங்கு நமக்குத் துணையாகிறது. பிறர் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்று இரண்டாம் வசனமும், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்று ஐந்தாம் வசனமும் கூறுகின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'பாரம்' என்ற ஒரே சொல்லை ஆள்வதால் முரண்பாடு இருப்பதுபோல் தோன்றும். கிரேக்க மூலத்திலோ சொற்கள் வேறு: முன்னது 'பாரோஸ்', அழுத்தும் பளு, பின்னது 'போர்த்தியோன்', ஒருவன் எடுத்துச்செல்லும் சுமை. அப்போஸ்தலன் இரண்டையும் ஒருங்கே கூறுகிறார்.

மதுவை விலக்குவது மனிதன் தானே சுமக்கவேண்டிய சுமை. ஆயினும் மெத்தனால் நிறத்தாலும் மணத்தாலும் சாராயத்தையே ஒத்தது. உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் பறிப்பது. அதைக் கண்டறியக் கூலியாளுக்கு வழியில்லை. தடுக்கும் கடமை பிறருடையது. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் அளிக்கும் உதவி குடிக்குக் கொடுத்த பரிசும் அன்று.

கல்வராயன் மலையைக் குறித்தும் இவ்வாறே பேசுகிறோம். மலைமக்கள் அனைவரும் சாராயம் காய்ச்சுவோர் என்பர் சிலர்; சூதறியாதவர் என்பர் சிலர். அங்கே ஊறல்கள் அழிக்கப்படுவதும் உண்மை. அம்மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்ததும் உண்மை.

இதனால் குற்றத்தை எல்லார்க்கும் சமமாகப் பங்கிடுக என்று நாம் கூறவில்லை. நஞ்சை விற்றவன் குற்றமும் அருந்தியவன் பலவீனமும் ஒரே எடையுடையன அல்ல. உள்ளதை உள்ளது என்றும் இல்லதை இல்லது என்றும் சொல்லக் கற்பித்தவரும் ஆண்டவரே. ஆகவே, சபைக் கூட்டத்தில் மூப்பர் ஒருவர் "அவன் செய்த வினை" என்று முடிக்கும்போது அவரை மறுக்குமுன், அவர் எந்தச் சுமையைக் குறிக்கிறார் என்று கேட்போமாக. பின்பு மற்றப் பாரத்தைச் சுமப்பவர் யார் என்றும் கேட்போமாக.