காசுமாலையின் காலம்: ஆஸ்திரேலியாவில் பழந்தமிழ் அணிகலன்களை இனங்காணும் முறைகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

சிட்னி, மெல்போர்ன் நகரங்களில் பழைய நகைகளை வாங்குவோரும் மதிப்பிடுவோரும் கையாளும் அளவுகோல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து வழி வந்தவை. நகையில் பொறித்த முத்திரையைப் படித்தல், ஆட்சி செய்தவர் பெயரால் காலத்தைக் குறித்தல், பொன்னின் தரத்தை எண்ணால் சொல்லுதல் ஆகிய மூன்றும் ஆங்கில நகைகளுக்கு நன்கு பயன்படுகின்றன. தமிழ் அணிகலன்களுக்கு அவற்றை அவ்வாறே பொருத்தும்போது பெயரும் காலமும் பிழைபடுகின்றன.

இப்பிழை ஏட்டளவில் நிற்பதன்று. பெயரும் காலமும் அறியப்படாத நகை எடைக்கு விலை போகிறது. எடைக்கு விலை போனது உருக்குக் குகைக்குள் செல்கிறது. அதன்பின் ஆய்வதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. காசுமாலையை முதன்மைச் சான்றாகக் கொண்டு, வழக்கிலுள்ள அளவுகோல்களின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் மரபிலேயே உள்ள விவரிப்பு முறையொன்றை அவற்றுக்குத் துணையாக முன்வைக்கிறது.

1. முத்திரையும் ஆட்சிப் பெயரும்

இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டு 15, 12, 9 காரட் தரங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. 1932இல் 15, 12 காரட் தரங்கள் நீக்கப்பட்டு 14 காரட் புகுத்தப்பட்டது. ஆகவே 15 என்னும் எண் பொறித்த ஆங்கில நகையொன்றின் காலத்தை ஏறத்தாழ 80 ஆண்டு எல்லைக்குள் அடக்கிவிடலாம். ஆஸ்திரேலியப் பொற்கொல்லர் தாமே பொறித்துக்கொண்ட எண்களும் குறிகளும் இவ்வழக்கத்தைத் தழுவியவை. அங்கு அரசின் கட்டாய முத்திரைச் சாலை இருந்ததில்லை; எனவே அக்குறிகள் ஆங்கில முத்திரையைப் போன்ற உறுதி உடையன அல்ல.

தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நிலைமை வேறு. வீட்டார் கொடுத்த பொன்னைக் கொண்டு, அவர்கள் அறிந்த பத்தரோ ஆசாரியோ நகை செய்தார். பொன்னின் தரம் உரைகல்லில் தேய்த்து, மாற்றுக் கணக்கில் சொல்லப்பட்டது. முத்திரையின் இடத்தில் நின்றது செய்தவர் மீதான நம்பிக்கை. இந்தியத் தர நிறுவனத்தின் தங்க முத்திரை 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. குறிப்பிட்ட மாவட்டங்களில் அது கட்டாயமானது 2021இல். ஆகவே பழைய தமிழ் நகையில் முத்திரை இல்லாமை குறையன்று. அந்நிறுவனத்தின் முத்திரை இருக்குமானால், அந்நகை அண்மையில் செய்யப்பட்டதா, அண்மையில் சோதிக்கப்பட்டதா என்றே முதலில் ஐயுற வேண்டும்.

ஆட்சிப் பெயரும் இத்தகையதே. 1837 முதல் 1901 வரையிலான நகைகளை விக்டோரியக் காலத்தவை என்பர். இங்கிலாந்தில் அக்காலத்துக்குள் நகையின் வடிவங்கள் பலமுறை மாறின. தென்பாண்டி நாட்டுத் தண்டட்டியும் பாம்படமும் அரசு மாறியதற்காக வடிவம் மாறவில்லை. அவற்றுக்கு விக்டோரியாவின் பெயரைச் சூட்டுவதால் நாம் அறிவது ஏதுமில்லை.

2. பெயர்கள் தரும் மயக்கம்

பழைய நகை வணிகத்தில் வழங்கும் மூன்று பெயர்கள் தனித்து ஆராயத்தக்கவை.

முதலாவது, சுவாமி நகை. தெய்வ உருவங்களைப் புடைப்பாக அமைத்த பொன், வெள்ளி வேலைப்பாடுகளுக்கு இப்பெயர் வழங்குகிறது. சென்னையின் பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் இவற்றைச் செய்து புகழ்பெற்றது. 1875-76இல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்து சென்றபின் பிரித்தானியரிடையே இவற்றுக்கு வரவேற்பு மிகுந்தது. வேலைப்பாடு தமிழகத்துக்குரியது; வடிவமோ மார்பூசி, கைவளை என ஐரோப்பியப் பெண்டிர் அணிவதற்கு ஏற்றது. இதைத் தமிழ்ப் பெண்டிரின் மரபணி என்று விவரிப்பது, வாங்கியவரின் சுவையை அணிந்தவரின் மரபாகக் கொள்ளும் பிழையாகும்.

இரண்டாவது, கோயில் நகை. தெய்வத் திருமேனிக்குச் சாத்தும் திருவாபரணம் வேறு. நாட்டியத்துக்கு அணியும் செட்டு வேறு. நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவை இன்றும் செய்யப்படுகின்றன. சிட்னியிலும் மெல்போர்னிலும் நிகழும் அரங்கேற்றங்களில் இவ்வகை நகைகளைக் காணலாம். கெம்புக்கல் பதித்த ஒவ்வொன்றையும் கோயில் நகை எனப் பெயரிட்டு, அப்பெயரின் துணையால் நூறாண்டு வயதை ஏற்றிவிடுவது ஆய்வுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, ஆண்டிக். இன்றைய நகைக்கடைத் தமிழில் இச்சொல் வயதைக் குறிப்பதில்லை. மங்கிய மெருகு ஒன்றைக் குறிக்கிறது. நேற்றுச் செய்த நகாசு வேலை மாலையும் தியாகராய நகர்க் கடையில் ஆண்டிக் எனப்படும். அதே சொல் ஆஸ்திரேலியச் சந்தையில் நூறாண்டுப் பழமை என்று பொருள்படுகிறது. ஒரு சொல்லின் இரு பொருள்களுக்கு இடையே வாங்குபவர் ஏமாறுகிறார். சில வேளைகளில் விற்பவரும் அறியாமலேயே ஏமாற்றுகிறார்.

3. காசுமாலையும் ஆஸ்திரேலியப் பொன்னும்

ஆஸ்திரேலியாவில் இவ்வாய்வை நிகழ்த்துவதற்குத் தனிப்பொருத்தம் ஒன்றுண்டு. தமிழர் பொன்னை அளக்கும் பவுன், சவரன் ஆகிய சொற்கள் ஆங்கிலப் பொற்காசின் வழி வந்தவை. அக்காசுகளுள் பல ஆஸ்திரேலியாவில் அடிக்கப்பட்டவை. சிட்னி நாணயச்சாலை 1855இலும் மெல்போர்ன் நாணயச்சாலை 1872இலும் சவரன் வெளியிடத் தொடங்கின. 1864ஆம் ஆண்டு அறிவிப்பின்படி இங்கிலாந்து, ஆஸ்திரேலிய நாணயச்சாலைகளின் சவரன்களை இந்திய அரசுக் கருவூலங்கள் 10 ரூபாய் வீதம் ஏற்றன. 1899ஆம் ஆண்டுச் சட்டம் சவரனை 15 ரூபாய் மதிப்புள்ள செலாவணியாக்கியது. இவ்வாறு வந்த காசுகள் உருக்கப்பட்டு நகையாயின. உருக்கப்படாமல் காசுமாலையிலும் கோக்கப்பட்டன.

1855 முதல் 1870 வரையிலான சிட்னிக் காசின் பின்புறத்தில் சிட்னி நாணயச்சாலையின் பெயரும் ஆஸ்திரேலியா என்னும் பெயரும் ஆங்கிலத்தில் வெளிப்படையாகக் காணப்படும். 1857 முதல் அரசியின் தலையில் பேங்க்சியா என்னும் அந்நாட்டுச் செடியின் மாலை அமைந்திருக்கும். 1871 முதல் இங்கிலாந்தின் பொது வடிவமே பின்பற்றப்பட்டது. எஸ் என்னும் சிற்றெழுத்து சிட்னியையும், எம் என்னும் சிற்றெழுத்து மெல்போர்னையும் குறித்தன. இவ்வெழுத்து கேடய வடிவக் காசில் மாலைக்குக் கீழும், 1887க்கு முற்பட்ட குதிரைவீரன் வடிவக் காசில் அரசியின் கழுத்துக்குக் கீழும், பிற்பட்டதில் குதிரையின் காலடித் தரையிலும் இருக்கும். ஐ என்னும் எழுத்து 1918இல் மட்டும் பம்பாயில் அடித்த காசுக்குரியது.

காசில் ஆண்டு இருப்பதால் மாலையின் காலம் விளங்கிவிட்டது என்று கருதுவதே பொதுவான பிழை. எடுத்துக்காட்டாக, 1864, 1889, 1918 ஆகிய ஆண்டுகளின் காசுகள் கோத்த ஒரு மாலையைக் கொள்வோம். பழைய காசைச் சுட்டி அதை 1864ஆம் ஆண்டு மாலை என்று விற்பது எளிது. உண்மையில் 1918க்கு முன் அம்மாலை இன்றைய வடிவில் இருந்திருக்க இயலாது. காசு தரும் ஆண்டு முன்னெல்லை மட்டுமே. பின்னெல்லையை வேறு சான்றுகளால் காண வேண்டும்.

அச்சான்றுகள் நகையிலேயே உள்ளன. எல்லாக் காசுகளும் ஒரே அளவில் தேய்ந்துள்ளனவா, காது வளையங்கள் ஒரே கையால் பற்றவைக்கப்பட்டனவா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த காசுகளுக்கிடையே கூர்மையான விளிம்புடைய காசொன்று இருப்பின், அது பின்னர்ச் சேர்ந்ததாகலாம். சவரனின் எடை 7.988 கிராம், தரம் 22 காரட். எடையும் விளிம்பின் வரிகளும் ஒவ்வாத இடத்தில், பொற்கொல்லர் வார்த்த போலிக் காசோ என்று ஐயுற இடமுண்டு. போலிக் காசு கோத்த மாலையும் பழைய மாலையாக இருக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

4. பாகந்தோறும் ஒரு காலம்

காசுமாலைக்குக் கூறியது கல்லிழைத்த நகைகளுக்கும் பொருந்தும். ஒரு பதக்கம் பாட்டியின் காலத்துக் கூட்டையும், தாய் மாற்றிய கல்லையும், மகள் சேர்த்த சங்கிலியையும் கொண்டிருக்கலாம். ஆகவே பாகந்தோறும் காலம் காண வேண்டியுள்ளது.

சிவப்புக் கல்லைப் பெருக்காடியில் காணும்போது உள்ளே வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தென்பட்டால், அது வெர்னாய் முறையில் ஆக்கிய செயற்கைக் கல். அம்முறை உலகறிய வெளியானது 1902இல். ப்ளூ ஜாகர் என நம் வணிகர் போற்றும் வைரத்தின் பெயர் தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் வழி வந்தது. அங்கு வைரம் கிடைக்கத் தொடங்கியது 1870இல். பற்றாசில் காட்மியம் இருப்பின், தமிழகக் கடைகளில் கே.டி.எம். என வழங்கிய பிற்கால வேலையை எண்ண வேண்டும். ஆயினும் இவை அந்தந்தப் பாகத்தின் காலத்தையே காட்டும். பழுது பார்த்த ஓர் இடத்தைக் கொண்டு முழு நகையையும் புதிதென ஒதுக்குதல், ஓர் இடைச்செருகலைக் கண்டு முழு நூலையும் பிற்காலத்தது எனத் தள்ளுவதை ஒக்கும். சுவடிப் பதிப்பில் நாம் ஏற்காத அம்முறையை நகையாய்வில் ஏற்பதற்குக் காரணமில்லை.

புறத்தோற்ற ஒப்புமை மட்டும் போதாது என்பதைத் தமிழிலக்கியம் முன்பே உணர்த்தியுள்ளது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை ஒரு நகையை இனங்காணும் வழக்கே. விற்க வந்தவன் கையிலிருந்த சிலம்பு அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. அந்த ஒப்புமையே சான்றெனக் கொள்ளப்பட்டது. உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்னும் வினா, தீர்ப்பு நிறைவேறிய பின்னரே எழுந்தது.

5. தஞ்சைக் கல்வெட்டுகளின் விவரிப்பு முறை

உள்ளீட்டைப் பதிவு செய்யும் முறைக்கு நம்மிடம் முன்மாதிரி உண்டு. முதலாம் இராசராசனும் (985-1014) தமக்கை குந்தவையும் பிறரும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வழங்கிய அணிகலன்களைப் பற்றிய கல்வெட்டுகளை ஹூல்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். கொடுத்தவர் யார், எத்திருமேனிக்கு, நகையின் பெயர் என்ன, எந்த எடைக்கல்லால் நிறுக்கப்பட்டது என்பவை அவற்றில் காணப்படுகின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், இரத்தினங்கள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுண்ணளவு வரை செல்கிறது.

முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என வகைப்படுத்தி எண்ணப்பட்டுள்ளன. கற்களின் குற்றங்களும் மறைக்கப்படவில்லை. மொத்த எடையில் சரடும் அரக்கும் பிஞ்சும் அடங்கும் என்பது தெளிவாகச் சொல்லப்படுகிறது. பல நகைகளுக்கு விலையும் காசுக் கணக்கில் தரப்பட்டுள்ளது.

தென்னிந்தியா, பத்தொன்பதாம் நூற்றாண்டு, பொன் என மூன்று சொற்களில் முடியும் விற்பனைக் குறிப்பை இதனோடு ஒப்பிட்டால் குறைபாடு விளங்கும். அரக்கு உள்ளீட்டைத் தனியே சொல்லாத எடை, உட்குழிவான தண்டட்டியைப் பொறுத்தவரை பயனற்றது. அணிந்தவர், கொடுத்தவர் பெயரில்லாத குறிப்பு, நகையை அதன் உறவுகளிலிருந்து அறுத்துவிடுகிறது.

6. உடைமை வரலாறு

சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் வாங்கிய அர்த்தநாரீசுவரர் கற்சிலை, விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலுக்குரியது எனத் தெளிந்து 2014இல் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய நிழற்படங்கள் அதற்குச் சான்றாயின. சிலைக்கு நிழற்படம் இருந்தது. குடும்ப நகைகளுள் பலவற்றுக்கு அத்தகைய சான்றும் இல்லை.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய அணிகலன் தொல்பொருளாகும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய இயலாது. முறைகேடாக வெளியேறிய அயல்நாட்டு மரபுப் பொருள்களை மீட்க ஆஸ்திரேலியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகிறது. ஆகவே நகை எப்போது, யார் வழியாக அந்நாட்டுக்கு வந்தது என்று கேட்பது வாங்குபவரின் கடமை. விடை இல்லாத இடத்தில் மலிவு விலையும் துணையாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் தெளிவாவன: முத்திரையின்மை தமிழ் நகைக்குக் குறையாகாது, காசின் ஆண்டு மாலையின் முன்னெல்லையே, பாகந்தோறும் காலம் வேறுபடலாம், வணிகப் பெயர் சான்றாகாது.

1983க்குப் பின் ஈழத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்கள் தாலிக்கொடியையும் அட்டியலையும் காசுமாலையையும் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் கொண்டுவந்தன. அவற்றின் பெயரையும் வரலாற்றையும் அறிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. நகையை விற்பதா வைத்திருப்பதா என்பது குடும்பத்தின் உரிமை. அதில் ஆய்வாளர் தலையிடுதல் முறையன்று. விற்பதற்கு முன் தஞ்சைக் கல்வெட்டின் முறையில் ஒரு பதிவைச் செய்ய உதவுதல் ஆய்வாளரால் இயலும். நகையின் பெயர், எடை, அரக்கு நீங்கலான பொன், கற்களின் வகையும் குற்றமும், காசுகளின் ஆண்டும் எழுத்தும், அணிந்தவர் உறவுமுறை, முன்புறப் பின்புற நிழற்படங்கள் ஆகியவை போதும். ஆஸ்திரேலியத் தமிழ் அமைப்புகளும் அருங்காட்சியகங்களும் இணைந்து இப்பதிவைத் தொடங்குமாறு இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. அப்பதிவு இருப்பின், நகை உருகினாலும் அதைப் பற்றிய அறிவு எஞ்சும்.