அடையாள அட்டை வைத்திருப்பவரை யார் கவனிப்பது?

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையிலிருந்து பார்த்தால் இரவில் சேலத்தின் விளக்குகள் தெரியும். பகலில் வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையும் கண்ணுக்குத் தட்டுப்படும். அந்த மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையமும், அணை நீரில் ஓடும் மின் நிலையங்களும் இருக்கின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வரும் மின்கம்பிகளோ காட்டையும் காப்பித் தோட்டங்களையும் தாண்டி ஏறி வருகின்றன. இவ்வளவு பரந்து கிடக்கும் மின்கட்டமைப்பைக் காக்க நாம் நம்பியிருப்பவை சுற்றுச்சுவர், கேட், காவலர், அடையாள அட்டை. அட்டை உள்ளவர் உள்ளே போகலாம், இல்லாதவர் போக முடியாது.

இந்த முறையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கண்டவர்களும் உள்ளே நுழைய முடியாது. தாமிரக் கம்பி திருட வருபவர் தயங்குவார். விபத்து நேர்ந்தால் உள்ளே யார் யார் இருந்தார்கள் என்பதைப் பதிவேடு சொல்லிவிடும். ஆனால் அட்டையைக் கொடுத்த பிறகு அந்த மனிதரைப் பற்றி இந்த முறை எதையும் கேட்பதில்லை. அதன் பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் 2009 நவம்பரில் நடந்தது இதற்குச் சரியான சாட்சி. ஊழியர்களுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனையில், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் உடலில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பது தெரிந்தது. தேடிப் போனபோது விசாரணை ஒரு குடிநீர்க் கூலரில் வந்து நின்றது. கூலரின் மூடி பூட்டித்தான் இருந்தது. உபரி நீர் வழியும் குழாய் வழியாக யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரை உள்ளே செலுத்தியிருந்தார்கள். அப்போது அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்த அனில் ககோட்கர், இது வேண்டுமென்றே செய்யப்பட்ட தீச்செயல் என்றார். எந்தக் கூலரில் யார் குடிப்பார்கள், கனநீர் எங்கே கிடைக்கும், எந்தக் குழாய் திறந்திருக்கும் என்பதெல்லாம் சுவரேறிக் குதித்து வருபவருக்குத் தெரியாது, உள்ளே வேலை செய்யும் உள்ளாளுக்கே தெரியும். இதைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் கேட்டில் நின்ற காவல் அல்ல, ஒரு சாதாரண மருத்துவப் பரிசோதனை.

காவலரே உள்ளாளாக இருந்தால்? 2014 அக்டோபர் 8 அன்று கல்பாக்கத்தில், அணுமின் நிலையத்தைக் காக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தன் சகாக்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி அவருக்குப் பணிக்காகக் கொடுக்கப்பட்டது.

கணினி விஷயத்திலும் இதே கதைதான். கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்திலிருந்து துண்டிக்கப்பட்டது, அதனால் யாரும் நெருங்க முடியாது என்று சொல்லப்பட்டது. 2019 அக்டோபர் 30 அன்று, தீநிரல் புகுந்தது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு பயனரின் கணினியில்தான் அது இருந்தது. அணு உலைக் கட்டுப்பாட்டை அது தொடவில்லை என்பது துண்டிப்பு முறைக்குக் கிடைத்த வெற்றி, அதை மறுப்பதற்கில்லை. அதே நேரம், கெட்ட எண்ணம் இல்லாத ஒருவரின் மேசை வழியாகவும் வெளியாள் உள்ளே வரலாம் என்பதையும் அந்தச் சம்பவம் காட்டியது.

உள்ளாளைத் தடுக்க ஒரு வழியும் இருக்கிறது. பெல்ஜியத்தின் டோல் 4 அணு உலையில் 2014 ஆகஸ்டில் யாரோ டர்பைனின் மசகு எண்ணெயை வெளியேற்றிவிட்டார்கள். டர்பைன் பழுதாகி, உலை மாதக்கணக்கில் நின்றது. அதன் பிறகு முக்கியமான இடங்களுக்குத் தனியாள் போகக் கூடாது, இருவராகத்தான் போக வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

இந்த இருவர் விதி நம் மின்வாரியத்துக்குப் புதிதல்ல. லைனில் வேலை செய்யப் போகிறவர் துணை மின் நிலையத்தில் லைன் கிளியர் கேட்பார். பணியில் இருக்கும் ஆபரேட்டர் பிரேக்கரை ஆஃப் செய்து, ஐசோலேட்டரைத் திறந்து, எர்த் செய்து, பதிவேட்டில் எழுதிய பிறகே அனுமதி கொடுப்பார். வேலையை முடித்தவர் அதைத் திருப்பித் தரும்வரை லைனைச் சார்ஜ் செய்யக் கூடாது. கேட்பவர் வேறு, கொடுப்பவர் வேறு. உயிர் காக்க வந்த ஏற்பாடு என்றாலும், ஒரு கை மட்டும் நினைத்தால் எதையும் செய்துவிட முடியாது என்பதுதான் அதன் உயிர்நாடி. அது எங்கே வலுவிழக்கிறது என்றால், தெரிந்த குரல் என்று போனிலேயே வேலையை முடிக்கும்போதும், ஆள் பற்றாக்குறையால் இரண்டு பொறுப்பும் ஒருவர் தலையில் விழும்போதும்தான்.

மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டு, ஒவ்வொரு நிறுவனமும் அதற்கென ஒரு பொறுப்பு அதிகாரியை நியமிக்கச் சொன்னது. நல்ல தொடக்கம். ஆனால் உள்ளாள் ஆபத்து என்றதும் முதலில் ஒப்பந்தத் தொழிலாளியின் சாப்பாட்டுப் பையைச் சோதிப்பது பெரும் அநியாயம். பெரிய சேதம் செய்யும் வாய்ப்பு கட்டுப்பாட்டு அறையின் சாவியும் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் அதிகம். சந்தேகத்தைக் கீழே தள்ளிவிடும் நிர்வாகம் மேலே இருக்கும் ஓட்டையைப் பார்ப்பதில்லை. கூடவே, மனக்குறையோடு வேலை செய்பவர்களின் எண்ணிக்கையையும் கூட்டிவிடுகிறது.

ஒப்பந்தம் முடிந்த அன்றே அட்டையையும் கடவுச்சொல்லையும் ரத்து செய்ய வேண்டும். ஷிப்டில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் என்பது ஒழிய வேண்டும். ஊழியரின் குறையைக் கேட்க, அவருடைய மேலதிகாரி அல்லாத ஒருவர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பு, துணை மின் நிலையங்களில் இரவு ஷிப்டில் ஒற்றை ஆளாக நிற்கும் ஆபரேட்டருக்குத் துணையாக இன்னொருவரை வாரியம் நியமிக்க வேண்டும்.