நியூ கப்ரிகாவும் படுவான்கரையும்

2009 மார்ச் 17ஆம் திகதி நியூயோர்க்கில், ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில், ஒரு தொலைக்காட்சித் தொடரை முன்வைத்துக் கூட்டம் நடந்தது. தொடரின் பெயர் 'பேட்டில்ஸ்டார் கலக்டிகா'. மனித உரிமைகள், பயங்கரவாதம், ஆயுத மோதலில் சிறுவர்கள், நல்லிணக்கம் என்று நான்கு விடயங்களைப் பேசினார்கள். நடிகை வூப்பி கோல்ட்பேர்க் நெறிப்படுத்தினார். தொடரை ஆக்கிய ரொனால்ட் டி. மூரும் டேவிட் ஐக்கும் வந்திருந்தார்கள். முன்னணி நடிகர்கள் இருவரும் வந்திருந்தார்கள். அவர்களோடு மேடையில் அமர்ந்த ஐ.நா. அதிகாரிகளில் ஒருவர் இலங்கைத் தமிழரான ராதிகா குமாரசுவாமி. ஆயுத மோதல்களில் சிக்கிய சிறுவர்களுக்கான செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாக அப்போது அவர் பணியாற்றினார். அதே நாட்களில் முல்லைத்தீவுக் கடற்கரையோரத்தில் சனங்கள் பதுங்குகுழிகளில் கிடந்தார்கள்.

இந்தத் தற்செயலை வைத்துக் குற்றப்பத்திரிகை எழுதுவது என் நோக்கமன்று. குமாரசுவாமியின் அலுவலகத்துக்கும் மட்டக்களப்புக்கும் அதற்கு முன்பே தொடர்பிருந்தது. அவருடைய விசேட ஆலோசகராக 2006 நவம்பரில் இலங்கை வந்த அலன் ரொக், புலிகள் பிள்ளைகளைத் தொடர்ந்து சேர்ப்பதையும், கிழக்கில் புலிகளிலிருந்து பிரிந்த கருணா குழு பிள்ளைகளைப் பிடித்துச் செல்வதையும், அதற்குப் பாதுகாப்புப் படையினர் சிலர் உடந்தையாக இருப்பதையும் வெளிப்படையாகச் சொன்னவர். ஆகவே விண்வெளிக் கதையொன்றைச் சாட்டாக வைத்து நியூயோர்க்கில் பேசப்பட்டவை மட்டக்களப்பு வாவிக்கரையில் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. அந்தத் தொடரையும் அதையொத்த கதைகளையும் இங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதே என் கேள்வி.

அறிவியல் புனைவுத் தொடர்களின் மறைபொருளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு சாவியைத் தேடுகிறார்கள். இந்த வேற்றுக்கிரகவாசி சோவியத் ஒன்றியம், அந்த இயந்திரம் முதலாளித்துவம் என்று பட்டியல் போடுகிறார்கள். சில இடங்களில் அந்தச் சாவி பொருந்தும். அமெரிக்காவில் ரொட் சேர்லிங் 1956இல், மிசிசிப்பியில் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் வழக்கைத் தழுவித் தொலைக்காட்சி நாடகமொன்றை எழுதினார். விளம்பரதாரருக்கு அச்சம். கொல்லப்பட்டவனின் இனம் மாறிற்று, ஊர் வட மாநிலத்துக்குப் போயிற்று, தென்மாநிலத்தை நினைவூட்டும் என்று கொக்காகோலாப் போத்தல்கூட நீக்கப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து 'த ட்வைலைட் சோன்' தொடரைச் சேர்லிங் தொடங்கினார். மனிதர் வாயால் சொல்ல விடாததை வேற்றுக்கிரகவாசிகள் வாயால் சொல்லலாம் என்று அவர் கண்டுகொண்டார். 1960இல் ஒளிபரப்பான ஒரு கதையில் ஒரு தெருவில் மின்சாரம் நிற்கிறது. 'நம்மில் எவன் அந்நியன்' என்று அயலவர் ஒருவரையொருவர் சந்தேகித்து, விடிவதற்குள் ஒருவரையொருவர் கொல்லத் தொடங்குகிறார்கள். உண்மையான அந்நியர்கள் குன்றின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'ஸ்டார் ட்ரெக்'கில் 1969இல் வந்த ஒரு கதையில் ஒருவனுக்கு முகத்தின் வலப்பாதி கறுப்பு, மற்றவனுக்கு இடப்பாதி கறுப்பு. அதற்காகவே ஒருவரையொருவர் வேட்டையாடுகிறார்கள். ஊர் திரும்பும்போது அவர்களுடைய கிரகத்தில் உயிரோடு எவருமில்லை. அப்போதும் வேட்டை நிற்கவில்லை. இரண்டும் நல்ல கதைகள். ஆனால் இரண்டாவதில் பொருள் முகத்திலேயே எழுதியிருக்கிறது. பார்வையாளனுக்கு வேலை இல்லை.

நம் மரபில் உள்ளுறை அப்படி இயங்குவதில்லை. தொல்காப்பியர் அதற்கு நிலத்தின் கருப்பொருளை அடிப்படையாக வைத்தார். பறவையையும் மரத்தையும் விலங்கையும் சொல்லித் தலைவன் தலைவியின் நிலையை உணர்த்துவது அது. அந்த நிலத்தில் வாழ்ந்தவனுக்கே பொருள் முழுதாகத் திறக்கும். தொலைக்காட்சிக் கதைக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். எழுதியவன் வைத்த பொருள் ஒன்று. பார்ப்பவனின் நிலம் திறந்துவிடும் பொருள் இன்னொன்று.

மட்டக்களப்பார் இந்த வாசிப்புக்குப் புதியவர்கள் அல்லர். விடிய விடிய வட்டக்களரியில் பாரதப் போர் பார்த்த ஊர்கள் இவை. அமிர்தகழியில் பிறந்த மௌனகுரு எழுதி, சு. வித்தியானந்தன் 1965இல் பேராதனையில் மேடையேற்றிய 'இராவணேசன்', அரக்கனை வீழ்ச்சியுறும் மனிதனாக்கிக் காட்டிற்று. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மௌனகுருவின் 'சங்காரம்' கூத்தின் ஆட்டங்களையே எடுத்துக்கொண்டு சாதி, இன, வர்க்க பேதங்களை அரக்கர்களாக ஆடவைத்தது. ஸ்டார் ட்ரெக்கின் இரு நிற முகத்துக்கு ஏறக்குறைய சமகாலம். இரண்டில் எது ஆழமானது என்று கேட்டால், எனக்கு 'இராவணேசன்'தான். அரக்கன் என்று பெயர் சூட்டப்பட்டவனின் பக்கத்தில் நம்மை உட்காரவைப்பது, பேதத்துக்கு அரக்க வேடம் போடுவதைவிடக் கடினமான காரியம்.

தமிழில் தொலைக்காட்சிக்கு வந்த அறிவியல் புனைவு என்றால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூரதர்ஷனில் நாடகமாயிற்று. ஜீவா என்ற சர்வாதிகாரியின் நாட்டில் பெயருக்குக்கூட எழுத்துக் கட்டுப்பாடு. பிள்ளை பெறவும் அனுமதி வேண்டும். பலருக்கும் நினைவிருப்பது ஜீனோ என்ற இயந்திர நாய். எனக்கோ கதையின் முதுகெலும்பு வேறு. நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். அவள் அவனைத் தேடி அலைகிறாள். அவசரகாலநிலையைக் கண்ட இந்திய வாசகருக்கு அது அதிகாரத்தைப் பற்றிய எச்சரிக்கை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 1990 செப்டம்பர் 5ஆம் திகதி 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள், திரும்பவில்லை. அவர்களுடைய மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் நிலாவின் அலைச்சல் எதிர்காலக் கதை ஆகாது. முகாம் வாசல், பொலிஸ் நிலையம், ஆணைக்குழு, கடைசியில் காணாமற்போனோர் அலுவலகம் என்று அவர்கள் நடந்த வழி அது. சுஜாதா அவர்களை நினைத்து எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை.

இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திருகோணமலைக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டவர்; கிழக்கின் கடலை அறிந்தவர். ஆயினும் அவருடைய புனைவுத் தீவில் சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் உண்டு, வாவியும் அதன் மனிதரும் இல்லை. 2015இல் தொலைக்காட்சிக்கு வந்த 'சைல்ட்ஹுட்ஸ் எண்ட்' நாவலில், வானிலிருந்து வந்தவர்கள் போரை நிறுத்திச் சமாதானத்தைத் திணிக்கிறார்கள், தங்கள் உருவத்தை மட்டும் மறைத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து இறக்கப்படும் சமாதானம் யாருடையது என்ற கேள்வியை அவர் 1953இலேயே, இங்கே குடியேறும் முன்பே, கேட்டுவிட்டார். தொண்ணூறாவது பிறந்தநாளில் அவர் சொன்ன மூன்று விருப்பங்களில் ஒன்று இலங்கையில் நிலையான சமாதானம். அதைக் காணாமல் 2008 மார்ச்சில் மறைந்தார்.

'பிளாக் மிரர்' தொடரில் 2016இல் வந்த 'மென் அகெய்ன்ஸ்ட் ஃபயர்' கதையை ஒவ்வொரு கிழக்கு மாகாணத்தவரும் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். படையினரின் மூளையில் ஒரு கருவி. அதன் வழியே பார்த்தால் கொல்லப்பட வேண்டியவர்கள் கோரமான ஜந்துகளாகத் தெரிகிறார்கள். 'கரப்பான்கள்' என்று அழைக்கப்படுகிறார்கள். ஒரு சிப்பாயின் கருவி பழுதாகிறது. எதிரில் நிற்பது ஒரு தாயும் மகனும். விமரிசகர்கள் பெரும்பாலும் கருவியைப் பற்றியே எழுதுகிறார்கள். கதையின் கூர்மை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஊர்ச்சனங்களின் தலையில் கருவி எதுவுமில்லை. மனிதரை மனிதராகவே காண்கிறார்கள், கண்டும் 'கரப்பான்' என்றே சொல்கிறார்கள்.

பிட்டும் தேங்காய்ப்பூவும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்தோம் என்று இங்கே சொல்வோம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டார்கள். பழிக்குப் பழியாகத் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் எரிந்தன. எவர் மூளையிலும் கருவி இருக்கவில்லை. அயல் வீட்டாரின் முகமும் பெயரும் தெரிந்தே நடந்தது. தமக்கு நடந்ததை மட்டும் கதையில் கண்டுகொள்ளும் வாசிப்பு அரை வாசிப்பு. தாம் செய்ததை, தம் பெயரால் செய்யப்பட்டதைக் காட்டும் இடத்தில்தான் இந்தக் கதைகளுக்கு உண்மையான வேலை.

இனி 'கலக்டிகா'. மனிதர் படைத்த சைலன் என்னும் இயந்திரங்கள் கிளர்ந்து மனித குலத்தை அழிக்கின்றன. எஞ்சியோர் கப்பல்களில் ஓடுகிறார்கள். சைலன்கள் மனித உருவிலும் இருப்பதால் எவரையும் நம்ப முடியாது. தான் சைலன் என்பதே தெரியாத ஒருத்தியும் அவர்களிடையே உண்டு. மூன்றாம் பருவம் 2006 அக்டோபர் 6ஆம் திகதி தொடங்கியது. நியூ கப்ரிகா என்ற கிரகத்தில் குடியேறிய மனிதர் சைலன்களின் ஆக்கிரமிப்பில் வாழ்கிறார்கள். அமெரிக்க விமரிசகர்கள் உடனே ஈராக் என்றார்கள். மூரும் குழுவினரும் ஈராக்கை நினைத்தே எழுதினார்கள் என்பதில் ஐயமில்லை. துணிச்சலான காரியம் அது. அமெரிக்கப் பார்வையாளர் அன்பு செலுத்தும் பாத்திரங்களே தற்கொலைக் குண்டை அனுப்புகிறார்கள். பொலிஸ் பயிற்சி முடிந்து வெளியேறும் சொந்த மனிதரையே கொல்கிறார்கள்.

வாவியின் இரு கரைகளிலும் வாழ்ந்தவருக்கு இந்தக் கிரகத்தில் வழிகாட்டி தேவையில்லை. கிழக்கே எழுவான்கரையில் இராணுவம், மேற்கே படுவான்கரையில் புலிகள் இயக்கம். மண்முனைத் துறையில் படகேறுவது ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவது மாதிரி இருந்தது. பாலம் திறந்தது 2014இல்தான். நியூ கப்ரிகாவில் சைலன்கள் மனிதர்களைக் கொண்டே ஒரு பொலிஸ் படையை உருவாக்குகிறார்கள். அவர்கள் முகமூடி அணிந்து, கையில் பெயர்ப்பட்டியலோடு, இரவில் வந்து ஆட்களை இழுத்துச் செல்கிறார்கள். அமெரிக்கருக்கு அந்த முகமூடி நாடக உத்தி. இங்கே அதற்குப் பெயரே உண்டு: தலையாட்டி. சுற்றிவளைப்பில் வரிசையாக நிறுத்தப்பட்டவர்களின் முன்னால், சாக்கால் முகம் மூடி உட்கார்ந்திருப்பவன் தலையை அசைத்தால் ஓர் உயிர் போய்விடும். சாக்குக்குள் இருந்தவனும் ஊர்க்காரன்தான், பல வேளைகளில் சித்திரவதைக்குப் பிறகு அங்கே உட்காரவைக்கப்பட்டவன்.

ஆக்கிரமிப்பைக் காட்டும் அத்தியாயங்களைவிட எனக்குப் பெரிதாகப்படுவது அதற்குப் பிறகு வருவது. தப்பி வந்த மனிதர்களில் ஆறு பேர் இரகசியமாகக் கூடுகிறார்கள். துரோகிகளின் பட்டியலைத் தயாரிக்கிறார்கள். தற்காலிக ஜனாதிபதியின் மறைமுக அனுமதியும் இருக்கிறது. குற்றவாளி என்று முடிவானவரைக் கப்பலின் காற்றறைக்குள் தள்ளி வெளிக்கதவைத் திறந்துவிடுகிறார்கள். முதலில் போகிறவன் ஜாம்மர். சைலன்களின் பொலிஸில் சேர்ந்தவன், ஆனால் கொலைக்களத்தில் ஒரு பெண்ணைத் தப்பவிட்டவன். அதைச் சொல்லிக் கெஞ்சுகிறான். பட்டியலில் அந்த நற்செயலுக்கு இடமில்லை. அடுத்தவன் கேட்டா. ஆக்கிரமிப்பு ஆட்சியின் அலுவலகத்தில் பணிசெய்தவன். அங்கிருந்தே போராளிகளுக்கு உளவுத் தகவல் அனுப்பியவன், தகவல் வைத்ததற்கு அடையாளமாக நாயின் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்தவன். அனுப்பியவன் யார் என்று போராளிகளுக்கே தெரியாது. காற்றறையில் மண்டியிட்ட நிலையில் அந்தத் தட்டைப் பற்றி அவன் சொன்னதால்தான் உயிர் தப்புகிறான். அந்த ஒரு விபரம் வாயில் வந்திராவிட்டால் அவனும் துரோகியாகவே செத்திருப்பான்.

மின்கம்பத்தில் கட்டப்பட்டு, கழுத்தில் அட்டை தொங்க, செத்துக் கிடந்தவர்களை நம் ஊர்கள் கண்டிருக்கின்றன. அட்டையில் எழுதியிருந்ததை நாம் நம்பினோம். நம்பாதவர்கள் வாய் திறக்கவில்லை. 2004இல் இயக்கம் பிளந்தபோது துரோகி என்ற சொல் வாவியின் இரு கரைகளிலிருந்தும் எதிரெதிராக வீசப்பட்டது. நேற்றுவரை ஒரே பாசறையில் உண்டவர்கள் வெருகலில் சுட்டுக்கொண்டார்கள். நாவலில் ஷோபாசக்தி இந்த நிலத்துக்குள் போயிருக்கிறார். தமிழ்த் தொலைக்காட்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை. விண்கப்பலை வைத்தாவது ஓர் அமெரிக்கத் தொடர் அதைச் செய்துவிட்டது.

அந்தத் தொடரின் தீர்வுதான் எனக்கு உடன்பாடற்றது. புதிய ஜனாதிபதி லோரா ரோஸ்லின் எல்லோருக்கும் பொதுமன்னிப்பு அறிவிக்கிறார். காற்றறைக் கொலைகளை விசாரிக்க வேண்டியதில்லை, ஒத்துழைத்தவர்களையும் விசாரிக்க வேண்டியதில்லை. நமக்குக் கிடைத்தது வேறொரு வகை. 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மட்டக்களப்பிலும் அமர்ந்தது. தாய்மார் வந்து பிள்ளைகளின் பெயர்களைச் சொன்னார்கள், எழுதிக்கொண்டார்கள். ரோஸ்லினின் கப்பலில் பேச விடாமல் மன்னித்தார்கள். இங்கே பேசவிட்டு, பதில் சொல்லாமல் விட்டார்கள். 2009இன் தொடக்கத்தில் வந்த அத்தியாயங்களில் அதே கேட்டா கப்பலில் கிளர்ச்சி செய்கிறான். அவனை நீதிமன்றத்தில் நிறுத்தாமல் சுட்டுக் கொல்கிறார்கள். பார்த்தவர்கள் பலர் இதைப் பாத்திரத்தின் திடீர் மாற்றம் என்று குறைசொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றறையில் அவனை மண்டியிடவைத்தது தவறு என்று அந்தக் கப்பல் சபை கூட்டிச் சொல்லவில்லை, அவனுடைய தகவல்களால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எவரும் கணக்கெடுக்கவில்லை. மன்னிக்கப்பட்டவர்களின் பட்டியலில் அவன் பெயர் இருந்தது. அவன் மன்னிப்புக் கேட்கவேண்டிய குற்றமே செய்யவில்லை என்ற வாசகம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.