ஆற்றுப்படுத்துதலும் அறியாமையும்: உளவளத்துணைச் சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

உளவளத்துணையாளர், விடை காண இயலாத துயரை எவ்வாறு எதிர்கொள்கின்றார் என்பதை, அத்தொழிலுக்கு நாம் வழங்கும் சொற்களின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலேசியாவில் இத்தொழிலை நெறிப்படுத்துவது 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டமாகும். எனவே இங்கு 'ஆலோசகர்' என்பதே பெருவழக்கு. தமிழகத்தில் 'ஆற்றுப்படுத்துநர்' என்றும் இலங்கையில் 'உளவளத்துணையாளர்' என்றும் வழங்குவர். ஆலோசகர் என்னும் சொல், விடை அறிந்தவர் என்ற எதிர்பார்ப்பை எழுப்புகின்றது. ஆற்றுப்படுத்துநர் என்பதோ பத்துப்பாட்டின் ஐந்து ஆற்றுப்படைகளை நினைவூட்டும் அழகிய சொல். ஆயின் ஆற்றுப்படையில் பரிசில் பெற்று மீள்பவனே வறியவனுக்கு வழி கூறுகின்றான். சேருமிடத்தை அவன் முன்பே கண்டவன். சேருமிடம் எவருக்கும் தெரியாதபோது இச்சொல் பொருந்துமா என்பதே நம் வினா.

இவ்வினா நமக்குப் புதிதன்று. 1942–43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பலர் திரும்பவில்லை. அவ்வரலாற்றை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலாக்கியுள்ளது. உறவினர் இறந்தனரா என்பதே அறியாத இத்தகைய நிலையை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் 'தெளிவற்ற இழப்பு' எனக் கருத்தாக்கம் செய்தார். இலங்கைத் தமிழரின் போர்க்கால உளக்காயங்களை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாக ஆராய்ந்தார். அங்கே காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தாருக்கு, 'அவர் வருவார்' எனல் பொய்யாகலாம். 'அந்தியேட்டி செய்துவிடுங்கள்' எனல் கொடுமையாகலாம். 2016இல் இயற்றப்பட்ட இலங்கைச் சட்டம், மரணச் சான்றிதழுக்கு மாற்றாக, ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் சான்றுபடுத்தும் பத்திரத்திற்கு இடமளித்தது. அறியாமையை அறியாமை என ஏற்பதற்குச் சட்டமே வழி கண்டது.

உளவளத்துணையாளர் செய்யத்தக்கதும் அதுவே. தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துரைத்தல், முடிவுகட்ட விரையாதிருத்தல், தம் ஐயங்களை மூத்த துணையாளரிடம் மனந்திறந்து கலந்தாய்தல் ஆகியவை அவருக்கு உறுதுணையாவன. கலந்தாயாதவர், தம் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளவே பிறருக்கு அறிவுரை வழங்கிவிடும் இடர் உண்டு.

இஃது உளவியலார்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட் போன்ற ஊர்களில், மாணவன் ஒருவன் முதலில் மனந்திறப்பது பெரும்பாலும் தமிழாசிரியரிடமே. "அப்பா திரும்பி வருவாரா, சார்?" என அவன் கேட்கும்போது, விடை கூறியே பழகிய ஆசிரியரின் நா ஏதேனும் ஓர் உறுதிமொழியைத் தேடும். "எனக்குத் தெரியாது ஐயா, ஆனால் நாளைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்" என்பதே அவர் மெய்யாகத் தரக்கூடிய உறுதி. எனவே 'ஆலோசகர்' என்பதினும், 'ஆற்றுப்படுத்துநர்' என்பதினும், 'துணை' என்னும் சொல்லைத் தன்னகத்தே கொண்ட இலங்கை வழக்கே இப்பணிக்குப் பொருத்தமானது என்பது நம் துணிபு.