தடுப்பது வேறு, தேடுவது வேறு

சைக்கிளுக்கு அலாரமும் டிராக்கரும் வாங்குகிறவர்கள் இரண்டையும் 'பாதுகாப்பு' என்ற ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அலாரம் திருட்டைத் தடுக்க; டிராக்கர் திருட்டுப் போனபின் தேட. அந்தந்த வேலையை வைத்தே அவற்றை எடைபோட வேண்டும்.

சைக்கிள் அசைந்தால் அலாரம் 110 டெசிபல் வரை அலறும் என்கிறார்கள் விற்பவர்கள். அலறட்டும்; கேட்டு ஓடிவருவது யார்? பக்கத்துச் சைக்கிளை எடுப்பவர் கை பட்டாலும் அலறுவதால், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதோடு சரி. உரிமையாளர் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தால் காசுக்குத் தகும். ரயில் நிலைய ஸ்டாண்டில் தகாது.

ஜி.பி.எஸ். டிராக்கர் என்றால் சிம், சந்தா, சார்ஜ் என்று செலவும் வேலையும் உண்டு. 2021இல் வந்த ஆப்பிள் ஏர்டேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. எடை 11 கிராம். பட்டன் பேட்டரி ஓராண்டு வரும். ஆனால் அதில் ஜி.பி.எஸ். கிடையாது. அதன் புளூடூத் சிக்னலை அருகில் இருக்கும் ஐபோன்கள் பிடித்தால்தான் இடம் தெரியும். லண்டனில் வாய் ஓயாத கருவி, ஐபோன் அரிதான ஊரில் ஊமை. ஃபிரேம் குழாய்க்குள் ஒளித்தால் உலோகம் சிக்னலை அமுக்கும். சீட்டுக்கடியில் வைத்தால், விவரம் தெரிந்த திருடன் முதலில் தடவுவதும் அங்கேதான்.

இன்னொன்று. ஆட்களை ரகசியமாகப் பின்தொடரவும் ஏர்டேக் பயன்பட்டதால், தெரியாத ஏர்டேக் கூடவே வந்தால் போன் எச்சரிக்கிறது. திருடனுக்கும் அந்த எச்சரிக்கை போகும். இதைக் குறை சொல்ல முடியாது. மனிதரின் பாதுகாப்புக்குமுன் சைக்கிள் பெரிதல்ல. ஆனால், திருடனை மறைந்திருந்து பிடிக்க ஏற்ற கருவி இதுவல்ல என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

சரி, வரைபடத்தில் புள்ளி தெரிகிறது. அடுக்குமாடியில் எந்த மாடி, எந்தக் கதவு என்று புள்ளி சொல்லாது. கதவு தெரிந்தாலும் தட்டித் திறக்க அதிகாரம் வேண்டும். பிரிட்டனில், இப்படி இருப்பிடம் தெரிந்த திருட்டுப் பொருளைத் தேடி வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் நுழைய வழிசெய்யும் பிரிவு 2025 பிப்ரவரியில் வந்த மசோதாவில் இடம்பெற்றது. இதற்கென்று சட்டத்தில் தனிப் பிரிவே தேவைப்பட்டது என்றால், புள்ளிக்கு மட்டும் எவ்வளவு மதிப்பு என்று புரியும்.

ஆகவே முதல் காசு பூட்டுக்கு: ஆங்கிள் கிரைண்டருக்கும் சட்டென்று மசியாத பூட்டாகப் பார்த்து வாங்கி, ஃபிரேமை அசையாத கம்பியோடு பூட்டுங்கள். ஃபிரேம் எண்ணைக் குறித்து வையுங்கள். கிடைத்த சைக்கிள் உங்களுடையது என்று நிரூபிக்க அது உதவும். மிச்சமிருந்தால் டிராக்கர். அலாரம் கடைசி. புள்ளி தெரிந்தால் தனியே கிளம்பாமல் போலீசிடம் காட்டுங்கள். நல்ல பூட்டு இல்லாத சைக்கிளில் டிராக்கர் செய்யக்கூடியது, சைக்கிள் போன வழியைச் சொல்வது மட்டுமே.