இரண்டு செத்த குதிரைகளும் ஒரு தீர்ப்பும்

காட்டுப்பாதையின் நடுவில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன. உடம்பில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். சேணப்பைகளை யாரோ துழாவிக் காலி செய்திருக்கிறார்கள். சரக்கு வண்டியோடு வரும் நான்கைந்து பேர் இறங்கிப் பார்க்கிறார்கள். பாதையின் இருபுறமும் புதருக்குள் நான்கு காப்லின்கள், குட்டைப் பூதங்கள், காத்திருக்கின்றன. ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்’ இப்படித்தான் தொடங்குகிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் புதிதாக வந்த பலருக்கு முதல் காட்சி இதுதான். சிலருக்குக் கடைசிக் காட்சியும் இதுவே. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகம், எதிரிகள், வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது பக்கப் பகடை தீர்மானிக்கும். வாரம்தோறும் கூடி மாதக்கணக்கில் தொடர்ந்தால் அதற்குக் கேம்பெயின் என்று பெயர். சொந்தமாக ஊரும் பகையும் கட்டி எழுப்ப நேரமில்லாத டி.எம். அச்சில் வந்த சாகசத்தை வாங்குகிறார். எதை வாங்குவது என்பதுதான் கேள்வி.

வழக்கமாக இதற்குப் பதில் சொல்கிறவர்கள் கதையை வைத்துச் சொல்கிறார்கள். எந்த வில்லன் பயங்கரம், எந்த முடிவு பிரமாதம் என்று. அது தவறான தராசு என்பது என் கட்சி. மேசையில் உட்கார்ந்த நான்கு பேர் முதல் நாளே கதையைக் கையில் எடுத்துக்கொண்டு வேறு திசையில் போய்விடுவார்கள். முதல் சாகசத்தின் வேலை, இதுவரை ஆட்டம் நடத்தியே இராத ஒருவரை டி.எம். ஆக்குவது. ஆகவே மூன்று கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். முதல் ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? ஆட்டக்காரர்கள் புத்தகம் எதிர்பாராத ஒன்றைச் செய்தால் புத்தகம் தாங்குமா? எல்லாம் முடிந்த பிறகு கேம்பெயினைத் தொடர என்ன மிச்சமிருக்கும்?

தேறாததை முதலில் தள்ளிவிடலாம். ஐந்தாம் பதிப்பு வந்த 2014இலேயே வெளியான பெரிய சாகசம் ‘ஹோர்டு ஆஃப் தி டிராகன் குவீன்’. விதிகள் கெட்டிப்படும் முன்பே எழுதப்பட்டது. அந்த அவசரம் முதல் அத்தியாயத்திலேயே தெரிகிறது. கிரீனெஸ்ட் என்ற ஊர் பற்றி எரிகிறது. கொள்ளைக்கூட்டம் தெருத்தெருவாகப் போகிறது. மேலே முழு வளர்ச்சியடைந்த நீல டிராகன் ஒன்று வட்டமிடுகிறது. முதல் லெவல் பாத்திரங்கள், அதாவது இப்போதுதான் ஆட்டத்தைத் தொடங்கியவர்கள், ஊருக்குள் ஓடியாக வேண்டும் என்று புத்தகம் எதிர்பார்க்கிறது. புத்தியுள்ள ஆட்டக்காரர் என்ன செய்வார்? திரும்பி நடப்பார். அப்படி நடந்தால் சாகசமே இல்லை. அன்றிரவே பாதி டிராகன் உடம்புள்ள லாங்டெட்ரோசா என்பவன் பிணைக்கைதிகளை முன்னால் நிறுத்தி ஒற்றைக்கு ஒற்றை சண்டைக்கு அழைக்கிறான். அவனுக்கு 57 ஹிட் பாயிண்ட், அதாவது விழுமுன் அவ்வளவு அடி தாங்குவான். எதிரே நிற்பவருக்குப் பன்னிரண்டு இருந்தால் பெரிது. தோற்பதற்கென்றே எழுதப்பட்ட சண்டை அது. புதிய ஆட்டக்காரருக்கு இது சொல்லித் தரும் பாடம் ஒன்றுதான்: உன் முடிவுக்கு இங்கே மதிப்பில்லை. 2019இல் அடுத்த பாகத்தோடு சேர்த்துத் திருத்திய பதிப்பு வந்தது. திருத்தம் தேவைப்பட்டது என்பதே ஒரு சாட்சி.

எதிர்முனையில் நிற்பது கைகாக்ஸ் எழுதிய ‘தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்’. நாற்பத்தைந்து ஆண்டுக்கும் மேல் பழையது, தொடக்க ஆட்டக்காரருக்கான பெட்டியோடு சேர்ந்தே விற்றது. ஒருபுறம் எல்லைக்கோட்டை, மறுபுறம் பள்ளத்தாக்கின் சுவர்களில் பதினொரு குகைகள். கோபோல்டு, ஓர்க், காப்லின், ஹாப்காப்லின் என்று குகைக்கொரு பூதக்கூட்டம். எந்தக் குகைக்கு எப்போது போவது என்று புத்தகம் சொல்வதில்லை. ஒரு கூட்டத்தை இன்னொன்றோடு மோதவிடலாம், ஒன்றோடு ஒப்பந்தமும் போடலாம் என்று டி.எம்.முக்கு யோசனை மட்டும் தருகிறது.

இதன் மேதைமையை ஒரே ஒரு இடத்தில் காட்டலாம். கோட்டையில் கேட்கக்கூடிய வதந்திகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒன்று, ‘பிரீ-யார்க்’ என்றால் காப்லின் பாஷையில் ‘சரணடைகிறோம்’ என்று அர்த்தம் என்கிறது. ஆட்டக்காரர் இதைக் குறித்து வைத்துக்கொள்கிறார். குகைக்குள் சண்டை. காப்லின்கள் ‘பிரீ-யார்க்’ என்று கத்துகின்றன. நம்மவர் வாளைத் தாழ்த்துகிறார். ஆனால் வதந்தி பொய். அது உதவிக்கு ஆள் கூப்பிடும் கூச்சல். ரகசியக் கதவு வழியாக 250 பொற்காசு உள்ள மூட்டை அந்தப் பக்கம் போகிறது. கூலி வாங்கிக்கொண்டு பக்கத்துக் குகையின் ஓகர் பூதம் இந்தப் பக்கம் வருகிறது. தகவலைச் சரிபார், எதிரிக்கும் பொருளாதாரம் உண்டு, சுவருக்குப் பின்னால் உலகம் இருக்கிறது என்ற மூன்று பாடமும் ஒரே கூச்சலில் வந்துவிடுகின்றன. ஹோர்டு முழுக்கத் தேடினாலும் இதற்கு இணையான இடம் கிடைக்காது.

ஆனாலும் இதை முதல் புத்தகமாகக் கைகாட்டத் தயங்குகிறேன். கோட்டைக்குள் ஒருவருக்கும் பெயர் கிடையாது. கொல்லர், காவலர், கோட்டைத் தலைவர் என்று தொழிலோடு நிற்கிறது. பெயரும் குணமும் டி.எம். வைத்துக்கொள்ள வேண்டும். அனுபவசாலிக்கு அது சுதந்திரம். புதியவருக்கு அது வெற்றுத்தாள். கோபோல்டு குகையில் சண்டையிடாத குஞ்சுகள் இருக்கின்றன. ஆட்டக்காரர்கள் அவற்றை என்ன செய்வது என்று டி.எம்.மைப் பார்க்கும்போது புத்தகம் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கால விதிப்படி முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒன்றிலிருந்து நான்கு வரைதான் ஹிட் பாயிண்ட். ஒரு குத்து போதும். 2018இல் குட்மேன் கேம்ஸ் இதை ஐந்தாம் பதிப்புக்கு மாற்றி மறுபதிப்பு செய்தது, 2025இன் தொடக்கப் பெட்டியும் இதே எல்லைநாட்டுக்குத் திரும்பியது என்பதெல்லாம் இதன் அடித்தளத்தின் உறுதியைக் காட்டுகின்றன. பழைய நூலை அப்படியே நடத்த மட்டும் பழகிய கை வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் வருகிறது ‘தி சன்லெஸ் சிட்டடெல்’. மூன்றாம் பதிப்போடு 2000இல் புரூஸ் கார்டெல் எழுதியது. 2017இல் ‘டேல்ஸ் ஃபிரம் தி யானிங் போர்ட்டல்’ தொகுப்பில் ஐந்தாம் பதிப்புக்கு வந்தது. மண்ணுக்குள் புதைந்துபோன கோட்டை. மேல்தளத்தை கோபோல்டுகளும் காப்லின்களும் பங்கு போட்டுக்கொண்டு சண்டையிடுகின்றன. உள்ளே நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஆட்டக்காரர்கள் பார்ப்பது காலியான ஒரு கூண்டையும் அதன் அருகே அழுதுகொண்டிருக்கும் மீப்போ என்ற கோபோல்டையும். அவன் வளர்த்த டிராகன் குட்டியைக் காப்லின்கள் திருடிவிட்டன. மீப்போவைக் கொல்லலாம். ஆறுதல் சொல்லித் தலைவியிடம் அழைத்துப்போகச் சொல்லலாம். இரண்டுக்கும் புத்தகம் தயார். எதிரியாக நினைத்தவன் அழுவதைப் பார்த்ததும் புதியவர்களும் பேச ஆரம்பிப்பார்கள். முதல் டன்ஜன் என்ற அளவில் இதைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை. தடுமாறுவது மூன்றாம் கேள்வியில். ஓக்ஹர்ஸ்ட் என்ற கிராமம் பெயருக்கு இருக்கிறது. கோட்டைக்குள் நடப்பது முடிந்தால் திரும்பிப்போய்ப் பார்க்க அங்கே அதிகம் இல்லை.

பாய்சோ நிறுவனத்தின் ‘ரைஸ் ஆஃப் தி ரூன்லார்ட்ஸ்’ பற்றியும் ஒரு வார்த்தை. 2007இல் தொடங்கி ஆறு பாகமாக வந்தது. திருவிழாக் கூட்டத்துக்குள் காப்லின்கள் பாயும் முதல் காட்சி அருமை; ஊரை நேசிக்க வைத்துவிட்டுத் தாக்குகிறது. ஆனால் ஆறு பாகத்தை முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் பிடிக்குமா என்றே தெரியாத நான்கு பேரிடம் அந்த வாக்குறுதியைக் கேட்பது, பெண் பார்க்கப் போன இடத்தில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போல.

இனி ஃபேண்டெல்வர். 2014இன் ஸ்டார்ட்டர் செட் என்ற தொடக்கப் பெட்டியில் 64 பக்கப் புத்தகமாக வந்தது. எழுதியவர்கள் ரிச்சர்ட் பேக்கர், கிறிஸ் பெர்க்கின்ஸ். கூடவே 32 பக்க விதிநூல், பகடைகள், தயாராக எழுதிய ஐந்து பாத்திரங்கள். முதல் லெவலிலிருந்து ஐந்தாவது வரை போகும்.

குற்றங்களை முதலில் சொல்கிறேன். அந்தக் குதிரைகளுக்குப் பின்னால் இருக்கும் காப்லினின் அம்பு மூன்றிலிருந்து எட்டு வரை சேதம் தரும். முதல் லெவல் மந்திரவாதிக்கு ஏழெட்டு ஹிட் பாயிண்ட். இரண்டு அம்பு சரியாகப் பட்டால் ஆள் கீழே. முதல் சுற்றிலேயே இது நடக்கலாம். அடுத்த குகையில் கிளார்க் என்ற பக்பேர் பூதத்தின் ஒரே அடி பதினெட்டு வரை போகும். தண்டர்ட்ரீ என்ற பாழூரில் வெனம்ஃபாங் என்ற பச்சை டிராகன் இருக்கிறது. அதன் விஷமூச்சின் சராசரி சேதம் 42. அங்கே போகும் மூன்றாம் லெவல் பாத்திரத்துக்கு முப்பது ஹிட் பாயிண்ட் இருந்தாலே அதிகம். ஊர் எல்லையில் எச்சரிக்கைப் பலகை உண்டு. அது செடிப்பூதங்களையும் ஸோம்பிகளையும் மட்டும்தான் சொல்கிறது. வில்லனான கறுப்புச் சிலந்தியோ கடைசிக் குகை வரை முகம் காட்டுவதில்லை.

இவ்வளவும் இருந்தும் தராசு இந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஹோர்டிலும் முதல் நாளே அடி விழுகிறது. ஆனால் அங்கே தோற்பது கட்டளை, இங்கே விபத்து. விபத்துக்கும் புத்தகம் வழி வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் தோற்றால் காப்லின்கள் கொல்லாமல் கொள்ளையடித்துவிட்டுப் போகும். விழித்தெழுந்தவர்கள் ஊருக்குப் போய்த் தயாராகித் திரும்பலாம். பதற்றத்தில் இருக்கும் புதிய டி.எம். இந்தச் சில வரிகளைத் தாண்டிப் போய்விடுவதுதான் ஆபத்து. வெனம்ஃபாங் கூடப் பாதி பலம் போனதும் பறந்து ஓடிவிடும். எதிரிக்கும் உயிர்மேல் ஆசை உண்டு என்று இந்தப் புத்தகம் விடாமல் சொல்லிக்கொடுக்கிறது. கிளார்க்கின் குகையிலேயே யீமிக் என்ற காப்லின், பிணைக்கைதியை மேட்டின் விளிம்பில் நிறுத்திக்கொண்டு பேரம் பேசுகிறான்: என் தலைவனைக் கொன்றுவிடுங்கள், இவனை விட்டுவிடுகிறேன். ‘பிரீ-யார்க்’ கற்பித்த பாடம்தான் இது. இம்முறை பெயரும் முகமும் சேர்ந்திருக்கின்றன.

பெரிய வெற்றி ஃபேண்டலின் ஊர். சத்திரத்தில் உட்கார்ந்தால் போதும், ஆளுக்கொரு செய்தி, செய்திக்கொரு வேலை. ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட் ரவுடிகளின் பதுங்கிடத்துக்குள் போகும் ரகசிய வழி தெரிந்தவன் ஒரு சின்னப் பையன். ரவுடித் தலைவனை ஒழிக்க 100 பொற்காசு தருகிறேன் என்கிறாள் ஹாலியா தார்ன்டன். அவன் போன இடத்தில் தான் உட்காரும் திட்டம் அவளுக்கு. ரவுடிகளை ஒழித்துவிட்டோம் என்று ஆட்டக்காரர்கள் கொண்டாடும்போது டி.எம். கையில் அடுத்த மூன்று மாதத்துக்கான பகை தயாராக இருக்கிறது. சிட்டடெலிடம் குறைவாக இருப்பதும் கீப் காலியாக விட்டதும் இதுதான்: திரும்பிப் போக ஓர் ஊர், அங்கே பெயரோடு காத்திருக்கும் மனிதர்கள்.

தீர்ப்பு இது. நீண்ட கேம்பெயினைத் தொடங்க ஃபேண்டெல்வர். மூன்று நான்கு வாரம் மட்டும் ஆடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு சன்லெஸ் சிட்டடெல். கையில் ஒரு கேம்பெயின் அனுபவம் சேர்ந்த பிறகு கீப். அன்றுதான் அதன் வெற்றிடங்கள் வரமாகத் தெரியும். ஹோர்டு வேண்டாம். பழைய பெட்டி கிடைக்காதவர்களுக்கு, 2023இல் வந்த ‘ஃபேண்டெல்வர் அண்ட் பிலோ’ நூலில் இதே சாகசம் பன்னிரண்டாம் லெவல் வரை நீட்டப்பட்டிருக்கிறது. அதையும் பழைய சாகசம் முடியும் சுரங்கத்தோடு நிறுத்தி, உங்கள் ஆட்டக்காரர்கள் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

வாங்கியவர்கள் மூன்றே காரியம் செய்தால் போதும். முதல் சண்டையில் நான்கு காப்லின்களில் ஒன்றைக் குறையுங்கள். தண்டர்ட்ரீயின் எச்சரிக்கைப் பலகையில் டிராகன் என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். கறுப்புச் சிலந்தியின் பெயரை முதல் வாரத்திலேயே யாராவது ஒரு கைதியின் வாயிலிருந்து பயத்தோடு வரவையுங்கள். மீதியை அந்த 64 பக்கமும் உங்கள் நான்கு ஆட்டக்காரர்களும் பார்த்துக்கொள்வார்கள்.